கரைவது கம்பி

மார்த்தாண்டம் பாலத்தை ஒட்டிய மாடியறையில்
காலை எட்டரைக்குக் கைதட்டல் தொடங்கும்.
"இங்க யாருக்கும் சம்பளம் கிடையாது,
அதனால யாரும் வேலைக்காரங்க கிடையாது.
நீங்க ஒவ்வொருத்தரும் முதலாளி"
என்பார் பினுகுமார் சார்.
பதினோரு முதலாளிகள்
ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு
படியிறங்குவோம்.

தக்கலை பேருந்தில் நடத்துனர்
பெண்களுக்கான சீட்டைக் கிழித்துத் தருவார்.
கட்டணம்: பூச்சியம்.
அதை நான் கசக்கிப் போடுவதில்லை.
இந்த மாதத்துச் சம்பளத்தை
எழுத்தில் தந்த ஒரே ஆள் அவர்தான்.

சாமியார்மடத்தில் இறங்கி உள்ளே நடந்தால்
மழை விட்ட பிறகும் ரப்பர் மரங்கள்
தமக்குள் பெய்துகொண்டிருக்கின்றன.
முதல் வீட்டின் மேல்மாடி ஜன்னல் சொன்னது:
"பட்டி உண்டு, கேட்டத் தொறக்காத."
இரண்டாவது வீட்டில் பட்டி மட்டும்தான் உண்டு.
மூன்றாவது வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து
கேமரா வழியாக என்ன வேணும் என்றார்.
வாசல் தூணைப் பார்த்துக்கொண்டே
மாதத் தவணையை விளக்கினேன்.
தூண் கவனமாகக் கேட்டது.

வித்தை எளிது.
அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு தம்ளர்,
எங்கள் இயந்திரத்தில் வடித்தது ஒரு தம்ளர்.
கம்பிகளை இறக்கிச் சுவிட்சைப் போட வேண்டும்.
ஒரு நிமிடத்துக்குள் கிணற்றுத் தண்ணீர்
சாக்கடைப் பழுப்பாகத் திரளும்.
"இதத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கிய."
அதற்குமேல் பேசக்கூடாது.
பயம் ஊறுவதற்கு நேரம் விட வேண்டும் என்பது
பயிற்சியின் இரண்டாம் நாள் பாடம்.

கரைவது கம்பி.
எனக்குத் தெரியும்.
பி.எஸ்சி. வேதியியல், எழுபத்தெட்டு விழுக்காடு.
தண்ணீரிலிருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்தும்,
இரும்பு கரையும்.
உப்பே இல்லாத எங்கள் தண்ணீர்
சும்மா நிற்கும்,
பிறழ்சாட்சிபோல.

ஒன்பதாவது வீட்டில் தங்கலீலா அக்கா
மரச்சீனி வெந்த அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.
அவர் கண்முன் அவர் கிணற்றைப் பழுப்பாக்கினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"எங்க வீட்டுக்காரரு பாறைக்கு வெடி வச்சுத் தோண்டினது.
ஒரு வெரலு போச்சு அதுல."
பிறகு,
"யோசிச்சிச் சொல்லுதேன் பிள்ளே."
யோசிப்பவர்கள் வாங்குவதில்லை.

கம்பிகளைத் துடைத்தேன்,
பெட்டியைப் பூட்டினேன்.
காலையில் குடித்த கட்டன்சாயாவுக்குப் பிறகு
நாக்கில் எதுவும் படவில்லை.
கேட்கவே கூடாதென்று கேட்டுவரை நடந்துவிட்டுத்
திரும்பினேன்.
"அக்கா, கொஞ்சம் வெள்ளம்..."

எந்த வெள்ளம் என்று அவர் கேட்கவில்லை.
என் சுத்தத் தண்ணீர் மேசையில் அப்படியே இருந்தது.
வாளியை இறக்கினார். கப்பி கீச்சிட்டது.
பல் கூசும் குளிர்ச்சி.
இரண்டாவது செம்பையும் குடித்தேன்.
அவர் சிரித்திருக்கலாம்.
ஒரு தட்டில் மரச்சீனியும் உடைத்த மிளகாயும் வைத்து
"ஒண்ணு வித்தா ஒனக்கு எவ்வளவு?" என்றார்.
"எண்ணூறு."
"விக்கலேன்னா?"
வாயில் மரச்சீனி இருந்தது வசதியாகப் போயிற்று.

பத்தாவது வீட்டில்
தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.
என் வயதுதான் இருக்கும் அவளுக்கு.
சுவிட்சைப் போட்டேன்.
அறுபது விநாடி.
பேசவில்லை.
அவள் தொட்டிலைப் பார்த்தாள், தம்ளரைப் பார்த்தாள்,
பேனா கேட்டாள்.

கையெழுத்து காயும்வரை
என் தொண்டைக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது
ஒன்பதாவது கிணறு.